பதினான்காவது கேள்வி

செந்தூர்பாண்டி கம்பெனியைப் பழிவாங்க எடுத்துக்கொண்ட நேரம் மொத்தம் நாலு வினாடி. ஆயுதம் என்று பார்த்தால் மூன்றே எழுத்து. அதைத் தட்டியபோது அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததைக் கேட்டுவிட்டு, 'பாவம், ஏதோ அவசரத்தில் செய்துவிட்டார்' என்று யாரும் அவருக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கிற குளிர்பதனக் கிடங்கு அது. இறாலும் கணவாயும் பெட்டி பெட்டியாக மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் உறைந்து கிடந்துவிட்டுப் பிறகு கப்பலேறும். கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்தப் பெயரைச் சொன்னால் செந்தூர்பாண்டி இன்றைக்கும் காறித் துப்புவார். துடைக்கிற வேலை நமக்குத்தான். தலைமையகம் ராட்டர்டாமில். அவர் இருபத்துநாலு வருஷம் இங்கே ஷிஃப்ட் இன்சார்ஜ். மூன்று கம்ப்ரசர்களின் சத்தத்தைக் கேட்டே எதற்கு எண்ணெய் குறைகிறது என்று சொல்லிவிடுகிற மனுஷன்.

வேலை போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், சென்னை அலுவலகத்திலிருந்து ஆதர்ஷ் என்றொரு பையன் வந்து இறங்கினான். முப்பது வயசுகூட இருக்காது. 'உருமாற்றப் பிரிவின் தலைவர்' என்று அட்டையில் போட்டிருந்தது. கேமராவும் மைக்கும் பொருத்திய ஒரு ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டினான்.

"நீங்க வழக்கம்போல வேலை பாருங்க சார். இதுக்கு நாங்க ரூல் எதுவும் எழுதித் தரப்போறதில்ல. உங்க இருபத்திரண்டு வருஷ லாக் புக்கை ஒரு வரி விடாம படிக்கும். நீங்க பேசறது, சுவிட்ச் போடறது எல்லாத்தையும் பார்க்கும். அப்புறம், 'இந்த நிலைமையில செந்தூர்பாண்டி சார் என்ன செய்வாரு'ன்னு யோசிச்சு அதையே செய்யும். ரிப்போர்ட்டும் அதுவே எழுதிடும்."

"நான் தப்பா செஞ்சா?"

"அதையும் அப்படியே செய்யும்." ஆதர்ஷ் சிரித்தான். "சரி எது, தப்பு எதுன்னு அதுக்கு எப்படி சார் தெரியும்? நீங்க செஞ்சா அது சரி. அவ்வளவுதான்."

"நான் பேசுனது எல்லாத்தையும் நீங்க கேப்பீங்களோ?"

"நாலாயிரம் மணி நேரத்தை எவன் சார் உக்காந்து கேக்கிறது? படிச்சு முடிச்சதும் ஒரிஜினலை அழிச்சிடும்."

அந்தச் சிஸ்டத்துக்குக் கம்பெனி ஏதோ கிரேக்கப் பெயர் வைத்திருந்தது. ஊழியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். வீட்டோடு வந்து உட்கார்ந்து, சாவி இருக்கிற இடம் வரைக்கும் தெரிந்துகொண்டு, கடைசியில் வீட்டுக்காரனையே வெளியே அனுப்புகிற ஜாதி என்று அர்த்தம். அர்த்தம் பலித்தது. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, கிடங்கில் இருந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்கும் தனித்தனியாக வீடியோ அழைப்பு வந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

"உங்க பங்களிப்பைக் கம்பெனி என்னைக்கும் மறக்காது சார்," என்றான் ஆதர்ஷ் திரையில். "ஒரு விதத்துல பார்த்தா நீங்க எங்கயும் போகல. இங்கேயேதான் இருக்கப்போறீங்க."

இதைச் சொல்லும்போது அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. அதுதான் செந்தூர்பாண்டிக்குத் தாங்கவில்லை. திட்டி அனுப்பியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பார்.

சட்டப்படி உரிமம் பெற்ற மனித ஆள் ஒருவர் கிடங்கில் இருந்தே தீர வேண்டும். அதற்காக ஜெனிட்டாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பனிமய மாதா கோயில் தெருப் பெண், முப்பத்தொரு வயசு, எல்லோரையும்விட இளையவள். வேலை கற்றுக்கொடுத்ததே செந்தூர்பாண்டிதான். அவள் இருந்துகொண்டாள், தான் போகிறோம் என்பதில் அவருக்கு அவள்மேலும் ஒரு முள் ஏறியிருந்தது. அவள் கேட்டா வாங்கிக்கொண்டாள் என்று மனசு நியாயம் பேசியது. முள்ளுக்கு நியாயம் தெரியுமா?

கடைசியாக ஒரு படிவம். இருபத்திரண்டு கேள்வி. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தீர்களா, சீருடையைக் கொடுத்தீர்களா என்று போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது கேள்வி இது: 'ஆவணங்களில் இடம்பெறாத, பணியிடத்தில் வழக்கமாகப் பின்பற்றப்பட்ட நடைமுறைகள் ஏதேனும் உள்ளனவா?'

செந்தூர்பாண்டி அதை இரண்டு தரம் வாசித்தார். அவருக்கு மஞ்சள் நூல் ஞாபகம் வந்தது.

தலைமையகத்துக்கு ஒரு விதி உண்டு. வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அரை மணிக்கு ஒரு தரம் ரீடிங் எழுத வேண்டும், மூன்று கம்ப்ரசரையும் சேர்த்து ஒருநாளும் நிறுத்தக் கூடாது. தூத்துக்குடிக்கும் ஒரு விதி உண்டு. ஆயுத பூஜை அன்றைக்கு இயந்திரம் எதுவும் ஓடக் கூடாது. வருஷம் பூராவும் நமக்காக ஓடுகிற ஒன்றுக்கு ஒருநாள் லீவு தரக் கூடாதா என்று கேட்டால் ராட்டர்டாம்காரன் என்ன சொல்வான்? அதனால் யாரும் கேட்கவில்லை. செந்தூர்பாண்டியின் காலம் முழுக்க, வருஷம் தவறாமல் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் முன்னதாகவே அறைகளை மைனஸ் இருபத்தெட்டுக்கு இறக்கிவிடுவார்கள். நவமி காலை பத்தரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மூன்று கம்ப்ரசரையும் நிறுத்துவார்கள். கூரை மேலே இருக்கிற விசிறிகளை மட்டும் ஓட விடுவார்கள். சாலையில் போகிறவன் காதுக்கு அது போதும். கிடங்கின் நாலு கதவிலும் மஞ்சள் தடவிய நூலைக் கட்டிவிடுவார்கள். அதை அறுத்துக் கதவைத் திறக்க எவனுக்கும் துணிச்சல் வராது. மறுநாள் விஜயதசமி காலை ஆறு மணி வரைக்கும் ஒரு கதவும் திறக்காததால், உள்ளே ஏற்றிவைத்த குளிர் அப்படியே நிற்கும். ஒரு இறாலுக்குக்கூட வியர்த்ததில்லை.

அந்த நாலு நாளுக்கும் லாக் புத்தகத்தில் அதற்கு முந்தின நாள் ரீடிங்கைப் பார்த்து எழுதுவார்கள். அச்சாக அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று பத்துக்கு ஒன்றில் புள்ளி ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ போடுவது செந்தூர்பாண்டியின் கைநேர்த்தி. போட்டோ எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். யாராவது கேட்டால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதும் அவர் சட்டம்தான்.

மாப்பிள்ளை வந்த பிறகும் இரண்டு ஆயுத பூஜை போயிற்று. தலையில் மாட்டிய ஹெல்மெட்டும் ஆயுதம்தானே? அதற்கும் சந்தனம் வைத்தார்கள். கேமராக் கண்ணின் மேலேயே அப்பினார்கள். அதனால் மாப்பிள்ளையின் கண்ணுக்கு அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. 'நிறுத்துலே' என்றது கேட்டது, சுவிட்சு நின்றது ஒயரில் தெரிந்தது, பொய் ரீடிங் எழுதியது லாக் புத்தகத்தில் தெரிந்தது. கதவில் கட்டிய மஞ்சள் நூல் மட்டும் தெரியாது. கதவுகளுக்கு சென்சார் கிடையாது.

மாப்பிள்ளைக்கு நாள் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடலில் மீன்பாடு எப்படி இருக்கும் என்பது நிலவைப் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமி பார்த்துத்தான் கிடங்கில் இடம் ஒதுக்குவார்கள். ஆகவே லாக் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கட்டத்தில் திதி இருக்கும். அது அவ்வளவையும் படித்திருந்தது. சோதனை ஓட்டத்தின்போது மாப்பிள்ளை ஒன்றரை மணி ரீடிங்கை ஒன்று நாற்பதுக்கு எழுதியதைச் செந்தூர்பாண்டி கவனித்திருந்தார். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிற நேரம் அது. அன்றைக்கே அவருக்குப் புரிந்துபோயிற்று. இது புரட்டாசி வளர்பிறை நவமியையும் விடாது.

அது நிறுத்தும். நிறுத்தவில்லை என்று எழுதும். ஆனால் இப்போது ஏற்றி இறக்குவதற்கு ரோபோ வண்டிகள் வந்துவிட்டன. நாலு கதவும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்து மூடும். லீவு கிடையாது, நூல் கிடையாது.

'இல்லை' என்று தட்டினார். நாலு வினாடி. எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

அதன் பிறகு ஏழு மாசம் வீட்டில். அரை மணிக்கு ஒரு தரம் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. வீட்டு ஃபிரிஜ்ஜைத் திறந்து திறந்து கைவைத்துப் பார்த்ததில் மனைவி சண்முகக்கனி பொறுமை இழந்தாள்.

"அதுல அரை லிட்டர் பாலும் நாலு கத்திரிக்காயும்தான் இருக்கு. ஏற்றுமதிக்கா போவுது? செத்த நேரம் சும்மா உக்காருங்க."

மதுரையில் ஒரு கிடங்கில் நேர்முகத்துக்குப் போனார். எதிரே இருந்தவர் மரியாதையாகக் காபி கொடுத்தார். "உங்க அனுபவத்துக்கு முன்னால நாங்க என்ன சார் கேக்கப்போறோம்? ஆனா எங்களுக்கும் அடுத்த வருஷம் சிஸ்டம் வருது," என்றார். அவரை வேலையிலிருந்து போகச் சொன்னவர்கள்கூட அவருடைய அனுபவத்தைப் போகச் சொல்லவில்லை. அது அங்கே சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதை நினைத்து நினைத்து அவர் காலண்டரில் நவமிக்கு வட்டம் போட்டார். சண்முகக்கனி என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "எனக்குத்தான்" என்றார்.

ஆயுத பூஜை அன்றைக்குக் காலை பத்து மணிக்கே கிடங்குக்கு எதிர்த்த டீக்கடையில் போய் நின்றுகொண்டார். கடைக்காரர் தராசுக்கும் பாய்லருக்கும் பொட்டு வைத்திருந்தார். கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வண்டிகள் உள்ளே போவதும் வருவதும், கதவு 'சர்ர்' என்று ஏறுவதும் இறங்குவதும் எண்ணி முடியவில்லை. செந்தூர்பாண்டி டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

பத்தேகாலுக்கு ஜெனிட்டா வாசல் அறையிலிருந்து வெளியே வந்தவள், அவரைப் பார்த்துவிட்டாள். சாலையைக் கடந்து ஓடிவந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"சார்! எப்படி இருக்கீய? நீங்க இல்லாம இன்னைக்கு நல்லாவே இல்ல சார். இந்தாங்க, பொரிகடலை."

"நீயா பூஜை போட்ட?"

"வேற யாரு இருக்கா? மெஷின் ரூமுக்குள்ள என்னைய விட மாட்டாங்கதான். இருந்தாலும் மனசு கேக்கல சார். தட்டை எடுத்துட்டுப் போயி மூணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சுட்டு வந்துட்டேன். வருஷா வருஷம் நாந்தான சந்தனம் அரைப்பேன். இந்த வருஷம் மட்டும் சும்மா இருக்க முடியுமா?" அவள் சிரித்தாள். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே வச்சேன். கையெல்லாம் அதிருது. மாப்பிள்ளைக்கு நம்ம பூஜையெல்லாம் எங்க தெரியப்போவுது?"

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். 'உள்ளே போய்க் கதவையெல்லாம் அடைக்கச் சொல்லு பிள்ள' என்று ஒரு வாக்கியம் போதும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. ஏழு மாசம் காத்திருந்ததற்கு இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி.

"நல்லா இரும்மா," என்றார். "போ, உன்னையத் தேடப்போறாங்க."

அவள் வாசல் அறைக்குத் திரும்பிப் போனாள். பத்தரைக்குச் செந்தூர்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். லாரிச் சத்தத்துக்கும் கூரை விசிறிச் சத்தத்துக்கும் அடியில் இருந்த அந்த ஆழமான முனகல் முதலில் மூன்றிலிருந்து இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று, பிறகு இல்லாமல் போயிற்று. அவர் நிறுத்துகிற அதே வரிசை. உலகத்தில் அது கேட்டது அவர் ஒருவருக்கு மட்டும்தான். வாசலில் ஒரு கதவு ஏறியது. அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் பொரியைப் போட்டுக்கொண்டார். அப்படி ருசியாக அவர் வாழ்க்கையில் எதையும் தின்றதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை கம்ப்ரசர்களை ஓட விட்டது. உருகினதெல்லாம் மறுபடி உறைந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மாசம் கழித்துச் சரக்கு ஸ்பெயினில் இறங்கியபோது, வாங்குகிறவன் பெட்டி கட்டும்போதே தன் பங்குக்கு உள்ளே ஒளித்து வைத்திருந்த சின்ன வெப்பமானி உண்மையைச் சொல்லிவிட்டது. கப்பல் சரக்கு முழுசும் குப்பைக்குப் போயிற்று. மற்ற நாட்டுக்காரர்களும் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். டீக்கடையில் செய்தி கேட்ட அன்றைக்குச் செந்தூர்பாண்டி அரைக்கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த மக்ரூன் பெட்டி மேஜை மேலே பாதி தீர்ந்து திறந்திருந்தபோதுதான், மூன்றாம் நாள், ஜெனிட்டா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சார், என் மேல நாசவேலைன்னு கேஸ் குடுக்கப்போறாங்க."

"உன் மேலயா? எதுக்கு?"

"ரெக்கார்டுல அன்னைக்கு முழுக்க மைனஸ் இருபத்திரண்டுன்னு இருக்கு. மெஷின் பொய் சொல்லாதாம். அப்பம் மனுசங்கதான செஞ்சிருக்கணும்? அங்க இருக்கிற மனுசி நான் ஒருத்திதான். நான் தட்டோட உள்ள போறது கேமராவுல இருக்கு. சென்சார் மேல சந்தனம் இருந்துச்சாம். சென்சாரை மூடிட்டு, கம்ப்ரசரை நிறுத்திட்டேங்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். வருஷா வருஷம் நிறுத்துவோம், மாப்பிள்ளை அதைப் பார்த்துப் படிச்சிருக்கும்னேன். இருபத்துநாலு வருஷ லாக் புக்கை எடுத்து முன்னால போடுதாங்க. ஒருநாள்கூட நின்னதில்லையாம்." அவள் விரலை மடக்கிக் காட்டினாள். "பத்துக்கு ஒண்ணுல புள்ளி ஒண்ணு. நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீய? பழைய ஆளுங்க எல்லாரையும் கேட்டுட்டாங்க. ஒருத்தர் விடாம 'அப்படி ஒண்ணும் இல்ல'ங்காங்க. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க சார். உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

செந்தூர்பாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் இருபத்துநாலு வருஷப் பொய்யும் அவர் கையெழுத்தோடு வெளியே வரும். கேஸ் அவர் மேல் திரும்பும். அதைவிட, அந்த ஆதர்ஷ் முன்னால் போய் நின்று 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். ருசித்துத் தின்றதை அப்படியே கக்க வேண்டும்.

ஜெனிட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை மேலே இருந்த மக்ரூன் பெட்டியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு டீக்கடையில நின்னீயளே சார்," என்றாள் மெதுவாக. "அதுக்குத்தானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சண்முகக்கனி வந்தாள். மக்ரூன் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் காக்காய்க்குக் கொட்டினாள்.

"நாளைக்கு நீங்க போறீய," என்றாள். "போகலைன்னா இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு வைக்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

போனார். கிடங்கு மாடியில் விசாரணை. ஆதர்ஷ் நேரிலேயே வந்திருந்தான். பக்கத்தில் கம்பெனியின் வக்கீல் அம்மா ஒருவர், சென்னை அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர். மேஜை நடுவில் மாப்பிள்ளை பேசுவதற்குக் கறுப்பாக ஒரு ஒலிபெருக்கி. ஓரத்து நாற்காலியில் ஜெனிட்டா, நிமிர்ந்தே பார்க்கவில்லை.

செந்தூர்பாண்டி எதையும் ஒளிக்கவில்லை. மைனஸ் இருபத்தெட்டு, பூசணிக்காய், மஞ்சள் நூல், ஹெல்மெட்டில் அப்பிய சந்தனம், புள்ளி ஒன்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நெஞ்சு லேசானது. வக்கீல் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு ஆதாரம்?"

"இருபத்துநாலு வருஷம் நான் செஞ்சதுதாம்மா ஆதாரம்."

"போட்டோ?"

"எடுக்கக் கூடாதுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்."

"ஹெல்மெட் பதிவு?"

ஆதர்ஷ் தலையசைத்தான். "படிச்சதும் அழிஞ்சிடும் மேடம்."

"கரண்ட் பில்லைப் பாருங்க," என்றார் செந்தூர்பாண்டி. சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. மூன்று நாள் கூடுதலாகக் குளிரேற்றியதும் ஒருநாள் நிறுத்தியதும் மாசக் கணக்கில் சரியாகப் போய்விடும். அதையும் யோசித்துத்தான் அந்தக் காலத்தில் செய்திருந்தார்.

"அடுத்த ஆயுத பூஜைக்கு வந்து நின்னு பாருங்க. உங்க கண்ணாலயே பாக்கலாம்."

"அதுவரைக்கும் விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்றீங்களா?" வக்கீல் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

செந்தூர்பாண்டிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியைப் பார்த்துக் குனிந்து கத்தினார்.

"ஏலே மாப்பிள்ளை! நவமி அன்னைக்கு கம்ப்ரசரை நிறுத்துனியா இல்லையா? உண்மையைச் சொல்லு!"

ஒலிபெருக்கியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அது பேசியது. குரல் வேறுதான். ஆனால் அந்த இழுவை, அந்தப் பணிவு, வார்த்தைக்கு வார்த்தை அவருடையது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாம் ரெக்கார்டு பிரகாரம்தான் நடக்குது. வேணும்னா புத்தகத்தைப் பாருங்க. ஒரு காப்பி சாப்பிடுதீயளா?"

வருஷா வருஷம் வருகிற ஆடிட்டர்களிடம் அவர் சொல்லுகிற வசனம் அது. ஒரு எழுத்து பிசகவில்லை. காபி உட்பட.

கம்பெனி ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆதர்ஷ் சிரிக்கவில்லை. அவன் நல்ல பையன். அதுதான் அவனிடம் இருக்கிற கொடுமை. டேப்லெட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினான்.

"சார், இது உங்க படிவம். பதினாலாவது கேள்வி. 'இல்லை'ன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. வேலை போன கோபம் எனக்குப் புரியுது. எங்க மேல பழி போட ஒரு கதை சொல்றீங்க. அதுவும் புரியுது. ஆனா அந்தக் கோபத்துக்காக இவங்களைக் காப்பாத்தற மாதிரி நடிக்க வேண்டாம் சார்."

தன் பொய்க்கு இருபத்துநாலு வருஷ ஆதாரம் இருப்பதையும், தன் உண்மைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாததையும் செந்தூர்பாண்டி அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். 

அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு ஜெனிட்டா தானாக ராஜினாமா செய்தால் போலீசுக்குப் போவதில்லை. அவள் சரி என்றாள். வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்து அவள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு கேள்வி.

செந்தூர்பாண்டி கொஞ்சம் தள்ளி நின்றார். போகவும் மனசில்லை, கிட்டே போகவும் தைரியமில்லை. அவள் மடமடவென்று நிரப்பிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. எந்தக் கேள்வி என்று அவர் எட்டிப்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எட்டு மாசமா ஒரு வேலை செய்யுதேன் சார்," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. பின்னாடி பைப் போற மூலையில கேமரா கிடையாது. ஒரு வாரம் அதைச் செய்யலைன்னா…" நிறுத்திக்கொண்டாள்.

அவர் ஓரடி முன்னால் வந்தார். கசிந்தால் ஆளைக் கொல்லும் அம்மோனியா ஓடுகிற இடம் அது.

"என்னம்மா அது? என்ன வேலை?"

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"உன் இடத்துக்கு அடுத்தாப்புல யாரு வாரா?"

"ஏரல்ல இருந்து ஒரு அக்கா. நேத்து வந்து இடத்தைப் பாத்துட்டுப் போனாங்க. ரெண்டு பிள்ளைங்களாம்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஜெனிட்டா, வேண்டாம் தாயி. அதுல எழுதிரு. நான் பட்டது போதும். எழுதிரும்மா."

அவள் இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அறிமுகமில்லாத ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது.

"நீங்க எழுதுனீயளா சார்?"

உள்ளே ஓடிப்போய் ஆதர்ஷிடம் சொல்லலாம். செந்தூர்பாண்டி கதவு வரைக்கும் போனார். உள்ளே இன்னும் யாரோ அவருடைய மாப்பிள்ளையைப் பேசவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இனி அவர் எதைச் சொன்னாலும் அது கோபம்தான். அவர் திரும்பி வந்தார்.

ஜெனிட்டா மூன்று எழுத்தைத் தட்டினாள். அவள் விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பழக்கதோஷம், அவர் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. நாலு வினாடிகூட ஆகவில்லை.